லெக்சஸ்: ஒரு பிரேக் விளக்கு வாங்கித் தந்த பெயர்

நேயர்களுக்கு வணக்கம்.

1989 டிசம்பர் மாதம். ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் லெக்சஸ் என்ற புதிய பெயரில் செய்த எல்எஸ் 400 என்ற சொகுசுக் கார் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வயரிங் பற்றியும், பின்பக்கம் உயரத்தில் இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கு அளவுக்கு மீறிச் சூடாவது பற்றியும் வந்த புகார் இரண்டே இரண்டு. அதுவரை விற்றிருந்த கார் சுமார் 8,000. அத்தனையையும் திரும்ப அழைத்துச் சரிசெய்வதென்று நிறுவனம் முடிவெடுத்தது. கடை திறந்த மூன்றாம் மாதத்திலேயே ரீகால் என்றால் அந்தப் பெயர் அதோடு போயிருக்க வேண்டும்.

போகவில்லை. ஆட்களே வீடு தேடிப் போய்க் காரை எடுத்துவந்தார்கள். சரிசெய்து, கழுவித் துடைத்து, டேங்கில் பெட்ரோல் நிரப்பித் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். டீலர் இல்லாத தொலைதூர ஊர்களுக்கு மெக்கானிக்குகளை விமானத்தில் அனுப்பி, அங்கேயே ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து வேலையை முடித்தார்கள். எல்லாம் 20 நாளுக்குள். கார் வைத்திருந்தவர்களுக்குப் பிரேக் விளக்கு மறந்துபோயிற்று. நிரம்பியிருந்த டேங்க் நினைவில் நின்றது. லெக்சஸ் உரிமையாளர்களின் திருப்தி என்று இன்றுவரை பேசப்படுவதற்கு விதை விழுந்தது அந்த மூன்று வாரத்தில்தான் என்பது என் கணிப்பு.

காரின் கதை அதற்கு ஆறு ஆண்டு முன்னால் தொடங்குகிறது. 1981 முதல் அமெரிக்காவுக்கு ஆண்டுக்கு 16 லட்சத்து 80 ஆயிரம் ஜப்பானியக் கார்களுக்கு மேல் அனுப்புவதில்லை என்று ஜப்பான் ஒப்புக்கொண்டிருந்தது. எண்ணிக்கையைக் கூட்ட முடியாது. ஒரு காருக்கு வரும் லாபத்தைக் கூட்டலாம். 1983 ஆகஸ்டில் டொயோட்டாவின் தலைவர் எய்ஜி டொயோடா, உலகின் சிறந்த சொகுசுக் காருக்குச் சவால் விடும் ஒன்றை நம்மால் செய்ய முடியுமா என்று நிறுவனத்தின் உயர் அதிகாரிகளிடம் கேட்டார். 1985இல் ஒரு குழு கலிபோர்னியாவின் லகூனா பீச்சில் வீடு எடுத்துத் தங்கி, பணக்கார அமெரிக்கர்கள் காரை எப்படிப் புழங்குகிறார்கள் என்று கவனித்தது.

தலைமைப் பொறியாளர் இச்சிரோ சுசுகி வைத்த இலக்குகளைப் பாருங்கள். மணிக்கு 250 கிலோமீட்டர் வேகம் போக வேண்டும். 100 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளே சத்தம் 58 டெசிபலுக்கு மேல் வரக்கூடாது. காற்றெதிர்ப்பு எண் 0.29க்குள் இருக்க வேண்டும். அமெரிக்கா பெட்ரோல் குடிக்கும் கார்களுக்குப் போடும் தனி வரியில் சிக்காத அளவுக்கு மைலேஜும் தர வேண்டும். தனித்தனியே எல்லாம் சாத்தியம், சேர்ந்தால்தான் சிக்கல். சத்தத்தை அடக்கத் தாரும் பஞ்சும் திணித்தால் எடை ஏறும். எடை ஏறினால் மைலேஜ் போகும்.

அவர்கள் பிடித்த வழிக்கு ஜப்பானிய மொழியில் 'கென்ரியூ தைசாகு' என்று பெயர். கோளாறு பிறக்கும் இடத்திலேயே அதைச் சரிசெய்வது என்று பொருள். ஒன்றை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். பின்சக்கரம் தள்ளும் காரில் கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்கு நீளமான ஷாஃப்ட் ஓடும். நம் லாரிகளுக்குக் கீழே சுற்றுகிறதே, அதே வகை. அதன் மூட்டில் இருக்கும் கிராஸ் என்ற சிலுவை வடிவத் துண்டு கோணலாக நின்று சுற்றினால் ஷாஃப்ட் சீராகச் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அது மெல்லிய அதிர்வாக வந்து சேரும். வழக்கமான வைத்தியம், தரைக்கு அடியில் கனத்த ரப்பர் விரிப்பு போடுவது. எல்எஸ் 400இல் இன்ஜின், கியர்பாக்ஸ், ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் எல்லாவற்றையும் கிட்டத்தட்ட ஒரே நேர்க்கோட்டில் நிறுத்திவிட்டார்கள். கோணலும் போயிற்று, அதோடு அதிர்வும் போயிற்று. ரப்பரின் எடை மிச்சம்.

அந்தக் கார் 1989 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சிக்கு வந்தது, விற்பனை செப்டம்பரில். பானட்டின் மேல் ஷாம்பேன் கோப்பைகளைக் கோபுரமாக அடுக்கி, உருளைகளின் மேல் சக்கரங்களை முழு வேகத்தில் ஓடவிட்டு, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் காட்டிய விளம்பரம் அதனுடையது.

இனி பானட்டைத் திறப்போம். 3,968 சிசி, எட்டு சிலிண்டர், 32 வால்வு. 1யுஇசட் என்பது இன்ஜினின் பெயர். 1996இல் செய்த ஒரு எல்எஸ் 400 அமெரிக்காவில் 2019இல் பத்து லட்சம் மைலைத் தாண்டியது. அப்படியானால் பழுதே வராத கார் என்று நினைத்துவிடாதீர்கள். வரும், வரும் இடங்களும் தெரிந்தவை. பழைய கார் வாங்குகிறவர்களுக்குப் பெரிய வசதியே அதுதான்.

முதலில் டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளும் பிஸ்டன்களும் ஒன்றோடொன்று நேரம் தப்பாமல் ஓடவைக்கும் பெல்ட். தொடக்க மாடல்களில் 60,000 மைல், அதாவது ஏறத்தாழ 96,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பின்னால் வந்தவற்றுக்கு 90,000 மைல். வாட்டர் பம்பைச் சுற்றுவதும் இதே பெல்ட்தான். ஆகவே பெல்ட்டைக் கழற்றும்போதே வாட்டர் பம்ப், இரண்டு புல்லி, டென்ஷனர் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். பம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டால், ஆறு மாதம் கழித்து அது கூலன்ட் ஒழுகும்போது அதே லேபரை மறுபடி கொடுப்பீர்கள். தொடக்க மாடல்களில் பெல்ட் அறுந்தால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான்; வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது. 1998 மாடலில் விவிடி-ஐ என்ற, வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் ஏற்பாடு வந்த பிறகு அந்தச் சலுகை இல்லை. அறுந்தால் வால்வு வளையும், ஹெட்டை இறக்க வேண்டும்.

அடுத்தது பவர் ஸ்டீயரிங் பம்பு. இந்தக் காரில் பலரை அலைக்கழித்த பாகம் இதுதான். பம்பு ஒழுகினால் எண்ணெய் நேரே கீழே இருக்கும் ஆல்டர்னேட்டரில் சொட்டும். பேட்டரி சார்ஜ் ஏறவில்லை என்று ஆல்டர்னேட்டரை மட்டும் மாற்றுவார்கள். புதியதும் கொஞ்ச நாளில் போகும். ஒழுக்கை அடைத்த பிறகுதான் ஆல்டர்னேட்டர். இதே பம்பில் சின்ன காற்று வால்வு ஒன்று உண்டு. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது ஐடில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அதன் உள்சவ்வு கிழிந்தால் ஸ்டீயரிங் எண்ணெயை இன்ஜின் உறிஞ்சிக் குடிக்கும். சைலன்ஸரில் வெண்புகை கிளம்பும். பார்ப்பவர்கள் பிஸ்டன் ரிங் போய்விட்டது, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்பார்கள். இன்ஜினைப் பிரிப்பதற்கு முன், வால்விலிருந்து இன்ஜினுக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே எண்ணெய் இருந்தால் குற்றவாளி அந்த வால்வுதான். பம்புக்கு ஊற்ற வேண்டியது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய், டெக்ஸ்ரான் வகை. கடையில் பவர் ஸ்டீயரிங் ஆயில் என்று கொடுப்பதை வாங்கி ஊற்றக் கூடாது.

செல்ஃப் மோட்டார் இருக்கும் இடம்தான் ஒரு கொடுமை. இரண்டு வரிசை சிலிண்டருக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில், இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் புதைந்திருக்கும். சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும், இன்ஜின் சுற்றாது. பெரும்பாலும் தேய்ந்திருப்பது உள்ளேயிருக்கும் செம்புத் தகடு இரண்டும்தான். தகடு மலிவு, அதை எட்டுவதற்கான லேபர்தான் விலை.

தொண்ணூறுகளின் முதல் பாதியில் வந்த மாடல்களில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் போர்டில் உள்ள கெப்பாசிட்டர்கள் வயதாகிக் கசிந்து போர்டை அரிக்கும். ஐடில் தாறுமாறாகும், கியர் மாறுவதில் குழப்பம் வரும். போர்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. டிவி ரிப்பேர் தெரிந்த நல்ல கை இருந்தால் கெப்பாசிட்டரை மட்டும் மாற்றிப் பற்றவைத்துவிடலாம். முன்சக்கரத்தைத் தாங்கும் மூட்டுகளில் லோயர் பால் ஜாயின்ட் தனியாகக் கிடைக்கும். அப்பர் ஜாயின்ட் தேய்ந்தால் அது பொருந்தியிருக்கும் ஆர்ம் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும்.

திருப்தியை எப்படி அளக்கிறார்கள் என்ற கேள்விக்கு வருவோம். அமெரிக்காவில் ஜே.டி. பவர் என்ற நிறுவனம், காரைப் புதிதாக வாங்கி மூன்று ஆண்டு வைத்திருப்பவர்களிடம் கடந்த 12 மாதத்தில் என்னென்ன தொல்லை என்று கேட்டு, 100 காருக்கு எத்தனை என்று கணக்கிடுகிறது. 2025 கணக்கில் லெக்சஸ் முதலிடம்: 100 காருக்கு 140. எல்லாப் பிராண்டுகளின் சராசரி 202. இந்த எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதலிடம் பிடித்த காரிலேயே ஆளுக்கு ஒன்றுக்கு மேல் புகார்! அத்தனையும் இன்ஜின் பழுதல்ல. போன் காரோடு சேரவில்லை, திரையில் நினைத்ததைத் தேடி எடுக்க முடியவில்லை என்பவையும் இந்தக் கணக்கில் சேரும். லெக்சஸே அதில் மாட்டியது. கம்ப்யூட்டர் மவுஸ் போல ஒன்றை நகர்த்தித் திரையை இயக்கும் ஏற்பாட்டை 2009இல் கொண்டுவந்தது. ஓட்டிக்கொண்டே அம்புக்குறியைச் சரியான இடத்தில் நிறுத்துவது எவ்வளவு எரிச்சல் என்று உரிமையாளர்கள் ஆண்டுக்கணக்கில் சொன்னார்கள். சாதாரணத் தொடுதிரைக்கு முழுமையாக மாறத் தொடங்கியது 2022 மாடல் என்எக்ஸிலிருந்துதான். கழுவித் துடைத்துக் கார் விட்டுப்போன நிறுவனம் இதற்கு எடுத்துக்கொண்டது பன்னிரண்டு ஆண்டுக்கு மேல்.

அதைவிடக் கசப்பானவையும் உண்டு. 1997க்கும் 2002க்கும் இடையே வந்த டொயோட்டா 3 லிட்டர் வி6 இன்ஜின்களில் ஆயில் கெட்டியாகிக் களிம்பாக மாறிய புகார்கள் எழுந்தன. அதே இன்ஜின்தான் லெக்சஸ் இஎஸ் 300க்கும் ஆர்எக்ஸ் 300க்கும். ஆயிலை நேரத்துக்கு மாற்றாததே காரணம் என்று முதலில் உரிமையாளர்கள் தலையில் பழி விழுந்தது. 2002இல்தான் எட்டு ஆண்டுவரை இலவசமாகச் சரிசெய்து தருவதாக நிறுவனம் இறங்கிவந்தது. இந்த இன்ஜின் உள்ள காரை இன்று வாங்கினால் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே உலோகம் தேன் நிறத்தில் தெரிந்தால் பரவாயில்லை. கரிய களி ஒட்டியிருந்தால் பேரம் பேசவே வேண்டாம்.

2009 ஆகஸ்டில் சான் டியேகோ அருகே நடந்ததை யாரும் மறக்கக் கூடாது. டீலர் இரவலாகக் கொடுத்த இஎஸ் 350இல் வேறொரு மாடலின் கனத்த ரப்பர் மிதியடி போடப்பட்டிருந்தது. ஆக்ஸிலரேட்டர் பெடல் அதில் சிக்கிக்கொள்ள, நான்கு உயிர் போயிற்று. தொடர்ந்து லட்சக்கணக்கில் ரீகால். பெடல் விவகாரத்தில் மக்களைத் தவறாக வழிநடத்தியதற்காக 2014இல் டொயோட்டா அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் கட்டியது. எந்தக் காரானாலும் சரி: ஒரு மிதியடிக்கு மேல் இன்னொன்றைப் போடாதீர்கள், தரையிலுள்ள கொக்கியில் மாட்டுங்கள். பெடல் சிக்கினால் பிரேக்கை மிதித்து எடுத்து, மறுபடி மிதித்து எடுத்து என்று செய்யக் கூடாது. இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்கும்போது பிரேக்குக்கு உதவும் வேக்குவம் ஓரிரு மிதிக்கே தாங்கும். ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். சாவிக்குப் பதில் பொத்தான் வைத்த லெக்சஸில் ஓடும் இன்ஜினை நிறுத்த, பொத்தானை மூன்று விநாடி விடாமல் அழுத்த வேண்டும். அந்தக் காரில் அதைச் சொல்லும் எழுத்து எங்கும் இல்லை என்பதும் அப்போது எழுந்த குறைகளில் ஒன்று.

இந்தியாவுக்கு லெக்சஸ் வந்தது 2017 மார்ச்சில். 2020இல் இஎஸ் 300எச் ஹைப்ரிட் காரைப் பெங்களூரு அருகே பிடதியில் பொருத்தத் தொடங்கினார்கள். நம் ஊர்ச் சூட்டில் அதை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேலை உண்டு. ஹைப்ரிட் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று, ஏசி போட்ட கேபினுக்குள்ளிருந்துதான் போகிறது. மாடலைப் பொறுத்துப் பின்சீட்டின் பக்கவாட்டிலோ சீட்டுக்கு அடியிலோ கம்பி வைத்த துளை ஒன்று இருக்கும். அதற்குள் மெல்லிய ஃபில்டர். தூசியும் நாய் முடியும் அடைத்துக்கொண்டால் விசிறி சத்தமாக ஓடத் தொடங்கும், பேட்டரி சூடாகும், கம்ப்யூட்டர் அதன் சக்தியைக் குறைக்கும், மைலேஜ் இறங்கும். ஒவ்வொரு சர்வீஸிலும் ஃபில்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு சர்வீஸ்களுக்கு இடையில், பின்சீட்டில் பையோ போர்வையோ வைக்கும்போது அந்தத் துளை மூடியிருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.

வணக்கம்.