தராசில் பழுதில்லை, பிடித்த கையில்தான்

நடுவர் அவர்களே, எங்கள் அணித்தலைவி அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் பெரியோர்களே, பொங்கல் சாப்பாட்டை முடித்த கையோடு எங்களுக்காகக் கண்விழித்துக் காத்திருக்கும் சபையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

இன்றைய தலைப்பு உங்களுக்குத் தெரியும். பேஸ்பால் விருதுகளில் தகுதியானவர்கள் விடுபட்டுப் போனது தராசாலா, தராசைப் பிடித்த கையாலா? தராசு என்றால் எண்கள். கை என்றால் ஓட்டுப் போடுகிற மனிதர்கள். நான் கையைக் குற்றம் சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி நோலன் ரயனைப் பற்றி உருக்கமாகச் சொன்னார். 1987-ல், அமெரிக்காவின் இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகில் ஒரு ஆட்டத்துக்கு மிகக் குறைவாக ரன் கொடுத்த பிட்சர், அதாவது பந்துவீச்சாளர், அவர்தான், சராசரி 2.76. அதிகம் பேரைப் பந்தை அடிக்கவிடாமல் ஸ்டிரைக் அவுட் செய்தவரும் அவர்தான், 270 பேர். ஆனால் அவர் அணி ரன் அடித்துக் கொடுக்காததால், பிட்சர் பேரில் எழுதும் வெற்றி தோல்விக் கணக்கில் 8 வெற்றி, 16 தோல்வி. சிறந்த பிட்சருக்கான சை யங் விருதில் ஐந்தாம் இடம்தான் கிடைத்தது. 'வெற்றி' என்ற எண் பொய்யான எண், அதுதான் அவரைக் கவிழ்த்தது என்றார் தம்பி. பிறகு 2010-ல் ஃபீலிக்ஸ் ஹெர்னாண்டஸ் வெறும் 13 வெற்றி, 12 தோல்வியோடு அதே விருதை வாங்கினாரே, தராசு திருந்தியதும் தீர்ப்பும் திருந்திவிட்டதே என்று முடித்தார்.

நல்ல வாதம். பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு ஒரு கேள்வி. அந்த 2.76-ம் அந்த 270-ம் 1987-ல் யாருக்கும் தெரியாத ரகசியமா? வெற்றி தோல்வி அச்சான அதே பத்திரிகையில், அதே பக்கத்தில்தானே இருந்தன? எந்தக் கட்டத்தைப் பார்ப்பது என்று முடிவு செய்தது எண்ணா, கண்ணா?

சரி, ரயனை விடுவோம். எண்ணின் மேல் யாருமே குறை சொல்ல முடியாத ஒரு வழக்கை எடுத்துக்கொள்கிறேன். ஆண்டு 1947.

விருதுக்கு ஓட்டுப் போட்ட அந்தக் காலத்து நிருபர்கள் பேட்ஸ்மேனை எடைபோட மூன்று எண்களைத்தான் நம்பினார்கள். பேட்டிங் சராசரி (ஆடிய வாய்ப்புகளில் எத்தனை பங்கு ஹிட் என்ற கணக்கு), ஹோம் ரன் (பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பும் அடி), அடித்து உள்ளே அனுப்பிய ரன்கள். ஒரே ஆண்டில் மூன்றிலும் லீகிலேயே முதலாவதாக வந்தால் டிரிபிள் கிரவுன் என்பார்கள். அதை எட்டுவது அவ்வளவு அபூர்வம். 1947-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸ் அதை எட்டினார். சராசரி .343, ஹோம் ரன் 32, ரன்கள் 114. நியூயார்க் யாங்கீஸின் ஜோ டிமாஜியோவுக்கு .315, 20, 97. மூன்று கட்டத்திலும் யார் முன்னால் என்று பார்க்க எந்த நவீனக் கணக்கும் தேவையில்லை, இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் சொல்லிவிடுவார்கள்.

சீசனின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது, அந்த எம்.வி.பி., யாருக்குப் போனது? டிமாஜியோவுக்கு. 202 புள்ளி. வில்லியம்ஸுக்கு 201.

ஒரே ஒரு புள்ளி, நடுவர் அவர்களே! ஒவ்வொரு நிருபரும் பத்துப் பெயர் எழுதலாம். பத்தாம் இடத்துக்கு ஒரு புள்ளி, ஒன்பதாம் இடத்துக்கு இரண்டு. ஒரு நிருபர் தன் சீட்டில் வில்லியம்ஸின் பெயரையே எழுதவில்லை. பத்தில் ஒருவராகக்கூட எழுதவில்லை. ஒன்பதாவதாக எழுதியிருந்தால் விருது கை மாறியிருக்கும். அதே ஆண்டு .206 சராசரி வைத்திருந்த எடி ஜூஸ்ட் என்பவருக்கு இரண்டு பேர் முதலிடம் கொடுத்திருந்தார்கள்! டிமாஜியோவின் அணி லீகை வென்றது, ஜூஸ்ட் நல்ல ஃபீல்டர், எல்லாம் சொல்லலாம். டிரிபிள் கிரவுன் அடித்தவர் முதல் பத்தில் இல்லை என்பதற்கு என்ன சொல்வீர்கள்?

வில்லியம்ஸுக்கும் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கும் ஆகாது. முகத்துக்கு நேராகப் பேசுவார், ரசிகர்கள் கைதட்டினால் தொப்பியைத் தூக்கி வணங்க மாட்டார். நம் ஊரில் சொல்வோமே, ஆளைப் பிடிக்காவிட்டால் அவன் நிழலையும் பிடிக்காது என்று. பந்தியில் இலை போட்டு உட்கார்ந்திருப்பவரைத் தாண்டி அடுத்த இலைக்குப் பரிமாறிக்கொண்டு போவதற்கு அந்த ஆகாமையே போதும்.

இது ஒருமுறை நடந்த தவறு என்றால் நானும் மன்னித்துவிடுவேன். ஐந்து ஆண்டு முன்னால், 1942-லும் இதே வில்லியம்ஸ் டிரிபிள் கிரவுன் அடித்தார். விருது யாங்கீஸின் ஜோ கார்டனுக்கு. 1934-ல் யாங்கீஸின் லூ கெரிக் டிரிபிள் கிரவுன் அடித்தார், 49 ஹோம் ரன். விருது இரண்டே ஹோம் ரன் அடித்த மிக்கி காக்ரேனுக்கு. கெரிக்குக்கு ஐந்தாம் இடம். காக்ரேன் கேட்சர், அணியை வழிநடத்தி லீகை வென்று கொடுத்தவர், அதையெல்லாம் மதிக்கிறேன். இரண்டாவது இடத்தில் வைத்திருந்தால்கூட எனக்குப் புரியும். ஐந்தாவதா?

1941-ஐ மட்டும் நான் இழுக்க மாட்டேன். அந்த ஆண்டு வில்லியம்ஸ் .406 அடித்தார். டிமாஜியோ தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட், அதாவது பேஸை எட்டவைக்கும் அடி, அடித்தார். யாருக்குக் கொடுத்திருந்தாலும் இன்னொருவருக்கு வலித்திருக்கும். அது நேர்மையான கருத்து வேறுபாடு. எங்கள் அணி அதைக் குற்றம் என்று சொல்லாது.

எதிரணித் தலைவர் கேட்டார், இதெல்லாம் தாத்தா காலத்துக் கதை, இன்று மனிதர்கள் படித்தவர்கள் ஆயிற்றே என்று. 1999 தாத்தா காலமா? பாஸ்டனின் பெட்ரோ மார்டினெஸ் 23 வெற்றி, 4 தோல்வி, ஆட்டத்துக்குக் கொடுத்த ரன் சராசரி 2.07, 313 ஸ்டிரைக் அவுட். பேட்ஸ்மேன்கள் மட்டையால் பூகம்பம் நடத்திய காலத்தில் ஒரு மனிதர் இப்படி வீசினார். எம்.வி.பி. ஓட்டில் அதிக முதலிடங்கள் அவருக்குத்தான், எட்டு. வென்ற இவான் ரோட்ரிகஸுக்கு ஏழு. ஆனாலும் 252-க்கு 239 என்று தோற்றார். காரணம், இரண்டு நிருபர்கள் அவர் பெயரைச் சீட்டிலேயே எழுதவில்லை. பிட்சர்களுக்குத் தனியாக விருது இருக்கிறதே என்பது அவர்கள் பக்கத்துச் சமாதானம். பிட்சர்களுக்கும் தகுதி உண்டு என்று ஓட்டுச்சீட்டோடு வரும் குறிப்பே சொல்கிறது. அந்த இருவரில் ஒருவர் முந்தைய ஆண்டு தன் சீட்டில் பிட்சர்களுக்கு இடம் கொடுத்தவர்! ஓராண்டில் மாறியது எந்த எண்?

அதே 1999-ல் இன்னொன்று. முதல் பேஸில் சிறந்த ஃபீல்டர் என்று கோல்ட் க்ளவ் விருது ரஃபேல் பால்மேரோவுக்குப் போனது. அவர் அந்த சீசனில் முதல் பேஸில் நின்றது 28 ஆட்டம். இதற்கு ஓட்டுப் போட்டவர்கள் மேனேஜர்களும் கோச்களும். போன வருடம் யார், அதற்கு முந்தைய வருடம் யார் என்ற பழக்கத்தில் கை தானாக எழுதிவிட்டது.

நடுவர் அவர்களே, என் மகளின் அணிக்கு நான் ஸ்கோர் புத்தகம் எழுதுகிறேன். வாரக்கடைசியில் மடக்கு நாற்காலியும் பென்சிலுமாக வேலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பின் கையுறையில் பந்து பட்டுத் தெறிக்கும். அடித்த குழந்தைக்கு ஹிட்டா? பிடிக்காத குழந்தைக்கு எர்ரரா, அதாவது பிழையா? இரண்டு பெற்றோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். என் பென்சில் அரை நொடி நிற்கும். அந்த அரை நொடியில்தான் எண் பிறக்கிறது. பெரிய லீகிலும் இப்படித்தான், அதிகாரபூர்வ ஸ்கோரர் என்று ஒரு மனிதர் உட்கார்ந்து முடிவு செய்கிறார். டிமாஜியோவின் 56 ஆட்டத் தொடரிலேயே ஷார்ட்ஸ்டாப் லூக் ஆப்லிங் பக்கம் போன பந்துகளுக்கு எழுதப்பட்ட ஹிட்கள் சரிதானா என்று இன்றும் பேசுகிறார்கள். ஆகவே தராசு, தராசு என்று எதிரணி சுட்டிக்காட்டும் பொருளைச் செய்ததும் ஒரு கைதான்.

இன்னொரு சான்று, எனக்கு மிகவும் பிடித்தது. டெட்ராய்ட் டைகர்ஸில் ஷார்ட்ஸ்டாப் ஆலன் டிராமெல், இரண்டாம் பேஸில் லூ விட்டேகர். 1977-ல் ஒரே நாளில் அறிமுகமானார்கள். 1,918 ஆட்டங்கள் சேர்ந்து ஆடினார்கள். ஒருவர் பந்தைப் பிடித்துக் கொடுக்க, மற்றவர் காலை ஊன்றித் திரும்பி எறிய, இருவர் என்று சொல்ல முடியாதபடி இருக்கும். டிராமெல் அடித்த ஹிட்கள் 2,365. விட்டேகர் 2,369. ஹோம் ரன் டிராமெலுக்கு 185, விட்டேகருக்கு 244. பேட்டிங் சராசரியில் டிராமெல் கொஞ்சம் முன்னால். தராசின் இரண்டு தட்டும் கிட்டத்தட்டச் சமம். பேஸ்பால் மேதைகளைக் கௌரவிக்கும் கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேமுக்கான ஓட்டில் 2001-ல் விட்டேகருக்குக் கிடைத்தது 2.9 சதவீதம். ஐந்துக்குக் கீழே போனால் பெயரை எடுத்துவிடுவார்கள். முதல் ஆண்டே கதவு சாத்தப்பட்டது. டிராமெல் பதினைந்து ஓட்டு வாய்ப்புகளையும் தாண்டி, ஒரு குழு வழியாக 2018-ல் உள்ளே போனார். விட்டேகர் இன்னும் வெளியே நிற்கிறார். ஒரே தராசு, ஒரே எடை. ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. எண்ணின் குற்றம் என்றால் இருவரையும் அல்லவா அது கவிழ்த்திருக்க வேண்டும்?

இனி நான் சொல்லப்போவதற்கு முன்னால் மேலே சொன்னதெல்லாம் சிறிய வலி.

வில்லியம்ஸ் ஒரு புள்ளியில் தோற்ற அதே 1947-ன் ஜனவரியில் ஜாஷ் கிப்சன் இறந்தார். வயது 35. கறுப்பினத்தவர்களுக்கென்று தனியே நடந்த நீக்ரோ லீக்குகளின் மாபெரும் பேட்ஸ்மேன். பெரிய லீகில் ஒரு பந்துகூட அவரை ஆடவிடவில்லை. மூன்று மாதம் கழித்து ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் அந்தச் சுவரை உடைத்து உள்ளே வந்தார். கிப்சனின் கணக்கை 2024-ல் பெரிய லீக் தன் ஏட்டில் சேர்த்தபோது, வாழ்நாள் பேட்டிங் சராசரியில் அதுவரை முதலிடத்தில் இருந்த டை காபின் .367-ஐத் தாண்டி .372 என்று அவர் பெயர் எல்லோருக்கும் மேலே போய் நின்றது. அந்த எண் அவர் உயிரோடிருந்தபோதே அவர் மட்டையில் இருந்தது. எடை போடவே மாட்டேன் என்று கைதான் மறுத்தது.

அந்தச் சுவர் நின்ற காலத்தில் 1920 முதல் 1944 வரை பெரிய லீகின் ஆணையராக இருந்தவர் கெனசா மவுன்டன் லாண்டிஸ். அவர் இருந்தவரை ஒரு கறுப்பின ஆட்டக்காரரும் பெரிய லீகில் கால் வைக்கவில்லை. எம்.வி.பி. பட்டயத்தில் அவர் பெயரைப் பொறித்தார்கள். சுமார் 75 ஆண்டுகள் அது அங்கே இருந்தது. அந்தப் பெயர் பொறித்த விருதைத்தான் பின்னால் வந்த கறுப்பின வீரர்கள் கை நீட்டி வாங்கினார்கள். 2020-ல்தான் எடுத்தார்கள்.

இங்கே டெட் வில்லியம்ஸை மீண்டும் அழைக்கிறேன். 1966-ல் அவரை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது, தன்னை ஒரு புள்ளியில் கவிழ்த்தவர்களைப் பற்றிப் பேச அவருக்கு மேடை கிடைத்தது. அவரோ, வாய்ப்புக் கிடைக்காததால் இங்கே இல்லாத நீக்ரோ லீக் ஆட்டக்காரர்களின் அடையாளமாக, பிட்சர் சாட்செல் பேஜும் ஜாஷ் கிப்சனும் ஒருநாள் இங்கே இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பேஜ் 1971-ல் வந்தார், கிப்சன் 1972-ல். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்த முரட்டு மனிதர் மேல் தனி அன்பு.

மணி அடித்துவிட்டார்கள், நடுவர் அவர்களே, ஒரே ஒருவரைச் சொல்லிவிடுகிறேன். பக் ஒநீல். நீக்ரோ லீக் அணியான கான்சாஸ் சிட்டி மானார்க்ஸின் முதல் பேஸ் ஆட்டக்காரர், மேனேஜர். 1962-ல் சிகாகோ கப்ஸில் பெரிய லீகின் முதல் கறுப்பினக் கோச். பின்னால் பெரும் நட்சத்திரமான லூ பிராக்கைக் கண்டெடுத்த கண் அவருடையது. நீக்ரோ லீக் அருங்காட்சியகம் எழுந்து நிற்கத் தோள் கொடுத்தவர். 2006-ல் ஒரு சிறப்புக் குழு ஹால் ஆஃப் ஃபேமுக்கு நீக்ரோ லீக் காலத்தவர் 17 பேரைத் தேர்ந்தெடுத்தது. பரிசீலனைப் பட்டியலில் உயிரோடிருந்தவர்கள் இரண்டே பேர், ஒநீலும் மின்னி மினோசோவும். இருவரையுமே விட்டுவிட்டார்கள். எதிரணி சொல்லும், ஒநீலின் பேட்டிங் எண்கள் அத்தனை பெரிதில்லை என்று. ஒரு வாழ்நாள் உழைப்புக்கு எந்த ஏட்டில் கட்டம் இருக்கிறது? அங்கே எடை போட வேண்டியது மனிதர்கள்தானே?

அந்த ஜூலை மாதக் கடைசியில், 94 வயதில், தேர்வான 17 பேர் சார்பாகப் பேச ஒநீல் கூப்பர்ஸ்டவுன் மேடையேறினார். தன்னைப் பற்றி ஒரு முறையீடும் இல்லை. கூட்டத்தைக் கைகோத்துப் பாடவைத்தார். அக்டோபரில் இறந்துபோனார். மினோசோ 2015-ல் இறந்தார். இருவரையும் 2021 டிசம்பரில் தேர்ந்தெடுத்தார்கள். 2022 ஜூலையில் அதே ஊரில், ஒநீலுக்காக அவர் உறவினர் வந்து நின்றார்.

தீர்ப்பு உங்களுடையது. நன்றி, வணக்கம்.