ஒரு பிள்ளைக்கு இரண்டு இடம்

நேயர்களுக்கு வணக்கம். இந்த நேரத்தில் உங்களில் பலர் அடுப்படியில் இருப்பீர்கள். ஒரு பக்கம் குக்கர், இன்னொரு பக்கம் பால், நடுவில் என் பேச்சு. குக்கர் எத்தனை விசில் விட்டது என்ற கணக்கு உங்கள் மனதில் தானாக ஓடிக்கொண்டிருக்கும். வாசலில் மீன்காரர் கூப்பிட்டாலும், தெருவில் நாய் குரைத்தாலும் அந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பாது. எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று மூளை பிரித்துவிடுகிறது. சில குழந்தைகளுக்கு அந்தப் பிரிக்கிற வேலை சரியாக நடப்பதில்லை. விசில், மீன்காரர், நாய், மின்விசிறியின் கிறீச் எல்லாமே ஒரே நேரத்தில் வந்து இழுக்கும். என் மகன் அப்படிப்பட்ட பிள்ளை. வீட்டில் தம்பி என்று கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

மருத்துவர்கள் இதை ஏடிஹெச்டி என்கிறார்கள். தமிழில் கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாடு என்று எழுதுகிறார்கள். கவனக்குறைவு என்ற சொல் எனக்கு ஒப்பவில்லை. பழைய டேபிள் ஃபேன் ஒன்றைக் கழற்றிப் போட்டுக்கொண்டு தம்பி இரண்டு மணி நேரம் உட்காருவான், சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாது. கவனம் இருக்கிறது. அதை வேண்டிய இடத்தில் நிறுத்தவும், வேண்டாத இடத்திலிருந்து எடுக்கவும்தான் அவனால் முடியவில்லை. "பையை வை, சட்டையை மாற்று, கை கழுவு, சாப்பிட வா" என்று ஒரே மூச்சில் சொன்னால், ஒரு காலில் சாக்ஸோடு முற்றத்தில் நின்று கொண்டிருப்பான். சொன்னதை மதிக்காமல் நிற்கிறான் என்று நானும் பல வருடம் நினைத்தேன். அடித்தும் இருக்கிறேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இனி பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். அவன் முதலில் படித்த பள்ளியில் தினமும் டைரி வரும். சிவப்பு மையில் ஒரு வரி. "வேலையை முடிக்கவில்லை." "இடத்தில் உட்காரவில்லை." "பக்கத்துப் பிள்ளையைத் தொந்தரவு செய்கிறான்." இரண்டாம் வகுப்பில் மட்டும் அறுபத்தொரு வரி, நான் எண்ணி வைத்திருக்கிறேன். அந்த அறுபத்தொன்றில் ஒன்றில்கூட, "இன்று இதைச் செய்து பார்த்தோம், கொஞ்சம் கேட்டான்" என்று இல்லை. நேயர்களே, இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டைரி வீட்டுக்குத் தகவல் சொல்லத்தான். வகுப்பில் நடந்ததற்கு வகுப்பில் என்ன செய்தார்கள் என்று அதில் இல்லாவிட்டால், ராத்திரி எட்டு மணிக்கு அதைப் படிக்கிற தாய் என்ன செய்வாள்? பிள்ளையைத் திட்டுவாள். மறுநாள் அவன் இன்னும் பயந்துபோய் வகுப்புக்கு வருவான். அன்றைக்கும் ஒரு வரி வரும்.

பேரன்ட்ஸ் மீட்டிங்கில் காரணமும் சொன்னார்கள். அம்மா வேலைக்குப் போகிறீர்கள், மொபைலைக் கொடுத்துப் பழக்கிவிட்டீர்கள் என்று. லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் 1902-லேயே இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி மருத்துவர்கள் கூடிய சபையில் உரையாற்றியிருக்கிறார். 1902-ல் எந்த வீட்டில் மொபைல் இருந்தது? இந்தத் தகவல் அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தலை குனிந்து உட்கார்ந்திருக்க மாட்டேன்.

கடைசியில் பள்ளியே டாக்டரிடம் காட்டச் சொன்னது. குழந்தை மனநல மருத்துவரிடம் போனோம். ஒரு ஸ்கேன் எடுத்தோ ரத்தம் பார்த்தோ இதைச் சொல்லிவிட முடியாது என்றார் அவர். குறிப்பிட்ட அறிகுறிகளில் குறைந்தது ஆறு இருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், பன்னிரண்டு வயதுக்கு முன்பே சில தெரிந்திருக்க வேண்டும். முக்கியமாக, இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். வீட்டில் மட்டும், அல்லது பள்ளியில் மட்டும் என்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். வகுப்பிலேயே வயதில் இளைய பிள்ளைக்கு இந்தப் பெயர் அதிகமாக வந்துவிடுகிறது என்று பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். அதனால் அவசரப்படக் கூடாது என்று, வீட்டுக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று, ட்யூஷனுக்கு ஒன்று என மூன்று படிவம் கொடுத்தார்.

பள்ளியிலிருந்து வந்த படிவத்தில் மேலிருந்து கீழ்வரை எல்லாக் கட்டத்திலும் "மிக அதிகம்". பொய் சொல்கிறானா, பொருளைத் திருடுகிறானா என்ற கேள்விகளுக்கும் அதேதான். நிதானமாகப் படித்து எழுதியவர்கள் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். ட்யூஷன் அக்கா இரண்டு நாள் வைத்திருந்து, ஒவ்வொரு கேள்விக்கும் யோசித்து எழுதிக் கொடுத்தாள். பிளஸ் டூ முடித்த பெண்தான். ஓரத்தில் பென்சிலால், "நின்றுகொண்டு வாய்ப்பாடு சொன்னால் தப்பில்லாமல் சொல்கிறான்" என்று ஒரு வரி. டாக்டர் அந்த வரியை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். வீட்டுப் படிவத்தை நிரப்பியது என் கணவர். அவர் எலக்ட்ரீஷியன், ஒன்பதாம் வகுப்போடு நின்றவர். பாதியில் பேனாவை வைத்துவிட்டு, "இது முழுக்க நான்தானே" என்றார். இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது என்று பிறகு தெரிந்துகொண்டோம். அவரை யாரும் டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை, வெயிலில் முட்டி போட வைத்தார்கள்.

அறிக்கையை எடுத்துக்கொண்டு நம்பிக்கையோடு பள்ளிக்குப் போனேன். இனிப் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். "இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி இருக்கிறதே, டிசி வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். காட்டச் சொன்னதும் அவர்கள்தான், காட்டிய பிறகு வெளியே போகச் சொன்னதும் அவர்கள்தான். பெயர் தெரியாத வரை என் வளர்ப்பு சரியில்லை, பெயர் தெரிந்த பிறகு பிள்ளை அவர்களுக்கு ஆகாதவன்.

அப்புறம் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பில் சேர்த்தோம். அங்கே இருந்த டீச்சரைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வகுப்பில் முப்பத்துநான்கு பிள்ளைகள். அவர் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று தனியாகப் படிப்பு எதுவும் படித்தவர் இல்லை. முதல் வாரம் முழுக்க ஒன்றும் சொல்லாமல் தம்பியைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். இரண்டாவது வாரம் அவனைக் கூப்பிட்டு, "உனக்கு இந்த வகுப்பில் இரண்டு இடம்" என்றார். ஒன்று முன் பெஞ்சில் ஓரம், இன்னொன்று பின்னால் ஜன்னலை ஒட்டி ஒரு ஸ்டூல். உட்கார முடியவில்லை என்றால் சத்தம் போடாமல் எழுந்து அந்த இடத்துக்குப் போகலாம், கேட்க வேண்டியதில்லை. நின்றுகொண்டும் எழுதலாம். மற்ற பிள்ளைகள் கேட்டபோது, "உனக்குக் கண்ணாடி, அவனுக்கு ஸ்டூல்" என்று மட்டும் சொன்னாராம். ஒரு வாரத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்துக் கணக்கைப் பலகையில் எழுதினாலும் தம்பிக்கு மூன்று மூன்றாகத்தான். மூன்று முடித்து வந்து காட்ட வேண்டும், காட்ட வருவதே அவனுக்கு ஒரு நடை. கரும்பலகை அழிக்கிற வேலையும் அவனுக்கே. முதல் நாள் ஸ்டூலுக்கும் பெஞ்சுக்கும் பதினேழு தடவை போய் வந்தானாம். தீபாவளி விடுமுறைக்கு முன்னால் நாலு, அஞ்சு தடவை. டைரியில் முதல்முறையாக நீல மையில் ஒரு வரி வந்தது: "இன்று பாதிப் பாடம் பெஞ்சிலேயே இருந்து எழுதினான்." அந்த ஸ்டூல் ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடந்தது. அதற்குக் காசு ஆகவில்லை. முப்பத்துநான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவரால் முடிந்தது, அதைவிடக் குறைவான பிள்ளைகள் இருந்த வகுப்பில் ஏன் முடியவில்லை என்று நான் இன்றும் கேட்கிறேன்.

எனக்கு இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து காட்டுகிறார்கள். சட்டத்தையும் மாத்திரையையும் பற்றி விவரமாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன், பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தில் 16-ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும் வரை பிள்ளையைப் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்கிறது. 17-ஆம் பிரிவு, அடிக்கவோ மனம் நோகச் செய்யவோ கூடாது என்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகைக் குறைபாடு இருக்கிறது, ஏடிஹெச்டி என்ற பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. கற்றல் குறைபாடு இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வரும் பிள்ளைகள் நிறைய, ஆகவே அதையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மாத்திரை எல்லாப் பிள்ளைக்கும் தேவைப்படாது. தேவைப்பட்டால் பயப்படாதீர்கள், பசி, எடை, உயரம் இவற்றை டாக்டர் பார்த்துக்கொண்டே வருவார். இதற்குத் தருகிற மாத்திரைகளில் ஒன்றான மெத்தில்ஃபெனிடேட் கட்டுப்பாடுள்ள மருந்து, டாக்டர் சீட்டு இரண்டு பிரதி வேண்டும், எல்லாக் கடையிலும் இருக்காது. தீர்ந்த பிறகு நான் நான்கு கடை ஏறி இறங்கினேன். நீங்கள் தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே கேட்டு வையுங்கள். தனியார் மருத்துவரிடம் போக வசதி இல்லாதவர்கள் உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் குழந்தைகளுக்கான ஆரம்பகால இடையீட்டு மையம் எங்கே என்று விசாரியுங்கள், பதினெட்டு வயது வரை அங்கே பார்ப்பார்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல நேரம் இல்லாமல் போய்விட்டது. அவர்கள் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்க மாட்டார்கள், ஜன்னலைப் பார்த்துச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒருத்தி இருந்தால், டீச்சரிடம் நாளைக்கே பேசுங்கள். வணக்கம்.