555 நோட்டில் படித்த படிப்பு

தலைவர் அவர்களே, எங்களுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர்களே, கூடப் படித்த அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகளே, வணக்கம்.

அழைப்பிதழில் பெஸ்தாரி ஜெயா என்று அச்சடித்திருக்கிறார்கள். மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள நம் ஊருக்கு 2007-இல் இந்தப் பெயரை வைத்தார்கள், சரிதான். ஆனால் எனக்குக் கொடுத்த தலைப்பு பழைய கதை. அதனால் நான் பத்தாங் பெர்ஜுந்தை என்றே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரம்படியைப் பற்றி முன்னால் பேசியவர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் கடைத்தெருவுக்குப் போகிறேன்.

அந்தக் காலத்தில் பள்ளி திறப்பது ஜனவரியில். அதற்கு முந்தைய இரண்டு மாதமும் மழை. ரப்பர் மரத்துப் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டின பிறகு மழை பிடித்தால் மங்கில், அதாவது பால் வடிகிற கிண்ணத்தில், இருக்கிற பாலும் தண்ணீரோடு போய்விடும். வெட்டாத நாளுக்குக் கூலி இல்லை. அது ஓய்ந்தால் பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலை கொட்டும், பால் குறையும். ஆக, வீட்டில் காசே இல்லாத நேரம் பார்த்துத்தான் வெள்ளைச் சட்டை, நீலக் காற்சட்டை, சப்பாத்து, நோட்டு எல்லாம் வாங்க வேண்டும். பாடநூல் இரவல் திட்டம் 1975-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் படித்தவர்களுக்குப் பாடப்புத்தகச் செலவும் சேரும்.

அப்புறம் எப்படிப் படித்தோம்? கடனில் படித்தோம். அட்டையில் 555 என்று போட்ட சின்ன நோட்டு இங்கே எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அரிசி, சீனி, நெத்திலி, மண்ணெண்ணெய், அதற்குக் கீழே 'பையன் சப்பாத்து'. எழுதுகிறவர் சீனத் தவுக்கே, அதாவது கடை முதலாளி. "அப்பா வேலைக்குப் போகல்லியா? மழையா?" என்று தமிழிலேயே கேட்பார். கேட்டுவிட்டு எழுதிக்கொள்வார்.

அவரைப் பெரிய தருமவான் ஆக்கிவிட நான் வரவில்லை. கடன் விலை ரொக்க விலையைவிடக் கூட என்பது நம் அம்மாக்களுக்குத் தெரியும். சம்பள நாளில் ஆபீஸ் வாசலிலேயே கடைக்காரர்கள் நிற்பார்கள். அப்பா கையில் வாங்கிய சம்பளம் தோட்டத்து லய வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பாதியாகிவிடும். மீதியில் கள்ளுக்கடைக்கு ஒரு பங்கு, அது வேறு கதை. அம்மா அந்த நோட்டைப் பார்த்துத் திட்டாத மாதம் கிடையாது. ஆனால் பால் வெட்டுகிறவன் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க எந்த வங்கி கடன் கொடுத்தது, சொல்லுங்கள்?

தையல்காரரை விடக் கூடாது. அளவே எடுக்க மாட்டார். ஆளைப் பார்த்து, மூன்று வருடம் கழித்து எப்படி இருப்பான் என்று யோசித்துத் தைப்பார். முதல் வருடம் முழுக்க இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு திரிந்தவர்கள் இந்த அரங்கில் பாதிப் பேர், சிரிக்கிறவர்களைப் பார்த்தாலே தெரிகிறது. பள்ளி விட்டதும் பாதி சிவப்பு, பாதி பழுப்பு என்று பாகு ஊற்றிய ஐஸ் உருண்டை. காலையில் மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்து வரும் ரொட்டி பாய். சைக்கிள் கடையில் காற்று அடிக்க எப்போதும் காசு வாங்கியதில்லை.

சரி, இந்தக் கடைகள் ஏன் போயின? பேரங்காடி வந்து அடித்துவிட்டது என்று பலர் சொல்கிறார்கள். அது பாதிதான் உண்மை. வாங்குகிற ஆள் முதலில் போனார், கடை பிறகு போனது. ரப்பர் மரத்துக்கு விடியற்காலையில் கத்தியோடு ஆள் போக வேண்டும். செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப்பனைக்கு, பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை குலை வெட்டினால் போதும். மரம் மாறியதும் ஆள் குறைந்தது, லயம் காலியானது. இந்த நாட்டில் செம்பனையை முதன்முதலாக வணிகத்துக்குப் பயிரிட்டது எங்கே தெரியுமா? 1917-இல், நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில், ஹென்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். நாம் பந்து பொறுக்கப் போன அதே காடுதான். 1985-இல் வெள்ளீய விலை விழுந்ததும், அந்த ஈயம் தோண்டும் கப்பல்களை நம்பியிருந்த சம்பளமும் போனது. ஒரு ஊருக்கு இரண்டு அடி. கடன் வாங்க ஆள் இல்லாத ஊரில் 555 நோட்டை வைத்து என்ன செய்வது?

தலைவருக்கு ஒரு விண்ணப்பம். இன்று ஆசிரியர்களுக்கு மாலை போட்டோம், நல்ல காரியம். அந்தத் தவுக்கே குடும்பத்தையும் தையல்காரர் பிள்ளைகளையும் யாரும் அழைக்கவில்லை. அடுத்த ஒன்றுகூடலுக்கு அவர்களுக்கும் அழைப்பிதழ் போகட்டும். சீன மொழியில் ஒரு பிரதி அச்சடிக்கும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். யார் வீட்டிலாவது பழைய நோட்டு மிச்சம் இருந்தால் கொண்டு வாருங்கள், பாக்கி இருந்தாலும் பரவாயில்லை. நன்றி, வணக்கம்.