சைபரும் நாலும்

(ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், பெண்கள் கூடியிருந்த மாலையொன்றில் பேசியது)

தாய்மாரே, தங்கச்சிமாரே, வணக்கம். கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு நேரே வந்திருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

மார்பில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் எக்ஸ்ரே படம்தான் மெமோகிராம். அதன் ரிப்போட் ஆங்கிலத்தில் வரும். லயத்தில் ஏ.எல். படிக்கிற பிள்ளை யாராவது வாசித்துச் சொல்லும். "பைராட்ஸ் 4" என்றதும் வீடே அழ ஆரம்பித்துவிடும், நாலாங் கட்டம் என்று நினைத்து. கட்டம் வேறு, இது வேறு. புற்றுநோய் உறுதியான பிறகு, எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் கட்டம். பைராட்ஸ், படம் பார்த்த டாக்டரின் சந்தேகத்துக்கு 0 முதல் 6 வரை போடும் இலக்கம். 4 என்றால் ஊசியால் துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்குள்ளேயே சந்தேகம் நூற்றுக்கு 2 முதல் 95 வரை இருக்கலாம். சதை எடுத்துப் பார்த்துப் புற்றுநோய் இல்லை என்று வருகிறவர்கள் நிறையப் பேர்.

எனக்கு அதைவிடப் பயம் சைபரைப் பற்றித்தான். சைபர் என்றால் ஒன்றுமில்லை என்று ரிப்போட்டை டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். ஒன்றுமில்லை என்பதற்கு 1 இருக்கிறது. இருப்பது கெடுதல் இல்லாதது என்பதற்கு 2. சைபர் என்றால் பார்த்து முடியவில்லை, ஸ்கேனோ வேறு படமோ எடுக்க வேண்டும் என்று அர்த்தம்.

ஏன் முடியவில்லை? மெமோகிராமில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும். பால் சுரப்பித் திசுவும் கட்டியும் இரண்டுமே வெள்ளை. சுரப்பித் திசு அடர்ந்த மார்பில் கட்டி தேடுவது, வெள்ளையடித்த சுவரில் சுண்ணாம்புச் சொட்டைத் தேடுகிற கதைதான். வயது குறைந்தவர்களுக்கு இந்த அடர்த்தி பெரும்பாலும் கூடுதல்.

ஸ்கேனில் கதிர் கிடையாது, ஒலி அலைதான். மல்லாந்து படுத்து, கையைத் தலைக்கு மேலே வைக்கச் சொல்வார்கள். குளிர்ந்த ஜெல்லைத் தடவி, சின்னக் கருவியை மார்பின் மேலும் கக்கத்திலும் நகர்த்துவார்கள். மெமோகிராமில் தட்டு அழுத்துகிற வலி இதில் இல்லை. உள்ளே தண்ணீர் மட்டும் உள்ள கட்டி சுத்தக் கறுப்பாக, மெல்லிய ஓரத்தோடு தெரியும். அப்படியானால் பயமில்லை. சதைக் கட்டி என்றால் அதன் ஓரத்தையும் வடிவத்தையும் பார்ப்பார்கள்.

அதற்காக, வலிக்காத ஸ்கேனே போதும் என்று மெமோகிராமை விட்டுவிடவும் முடியாது. பொடிப்பொடியான சுண்ணாம்புத் துகள்களை மெமோகிராம்தான் நன்றாகக் காட்டும்.

பைராட்ஸ் 3 வந்தால் ஆறு மாதத்தில் திரும்ப வரச் சொல்வார்கள். புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டைத் தாண்டாது. ஆனால் கட்டி மாறாமல் இருக்கிறதா என்று பார்த்தால்தான் அது நிச்சயம். ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடுமே என்கிறீர்கள். போகும்தான்; தோட்ட நிர்வாகங்கள் கிளினிக் நாளுக்குச் சம்பளம் வெட்டாமல் இருந்தால் இந்தப் பேச்சில் பாதி தேவைப்படாது. போகும்போது பழைய படங்களையும் கையோடு கொண்டுபோங்கள்.

பின்வரிசை அக்கா கேட்டது நல்ல கேள்வி: ரிப்போட் நல்லதாக வந்தும் கைக்குக் கட்டி தட்டுப்பட்டால்? போக வேண்டும், அக்கா. மெமோகிராமுக்கும் தப்புகிற கட்டி உண்டு. "ரிப்போட் நல்லது, ஆனால் கட்டி இந்த இடத்தில் இருக்கிறது" என்று விரல் வைத்துக் காட்டுங்கள்.