பக்கத்து நாடும் பணப்பையும்

நேயர்களுக்கு என் வணக்கம்.

வங்கி ஒன்றின் அந்நியச் செலாவணிப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் நான். கடல் கடந்து வெகுதொலைவு போகிறவர்கள் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வந்து, எவ்வளவு பணம் எடுத்துப் போகலாம், எந்த அட்டை அங்கே செல்லும், கட்டணம் என்ன என்று துருவித் துருவிக் கேட்பார்கள். பக்கத்து நாட்டுக்குப் போகிறவர்களோ புறப்படுவதற்கு முதல் நாள், வங்கி மூடும் நேரத்தில் வந்து நிற்பார்கள். பலர் வருவதே இல்லை. சில மணி நேரப் பயணம்தானே, போன இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம்தான் காரணம். ஆனால் நான் பார்த்த வரையில், பணத்தில் சங்கடப்பட்டுத் திரும்பியவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாம் வகையினரே. தொலைவு குறைவு என்பதால் பண விதிகளும் நெருங்கியிருக்கும் என்று நம்பியதுதான் அவர்கள் செய்த பிழை.

ஆப்பிரிக்காவில் நைஜரும் சாடும் அடுத்தடுத்த நாடுகள். இரண்டிலும் புழங்கும் நாணயத்தின் பெயர் சிஎஃப்ஏ பிராங்க். யூரோவோடு ஒப்பிட்டாலும் இரண்டின் மதிப்பும் ஒன்றுதான்: ஒரு யூரோவுக்கு 655.957 பிராங்க். இருந்தும் இரண்டையும் வெவ்வேறு மத்திய வங்கிகள் வெளியிடுவதால், ஒரு நாட்டின் தாள் மறு நாட்டுக் கடையில் செல்லாது. பெயரும் மதிப்பும் ஒன்றாக இருந்தே இந்த நிலை என்றால், மற்ற நாடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு நேர்மாறான ஏற்பாடும் உண்டு. சிங்கப்பூரும் புரூணையும் 1967-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, இரு நாட்டு டாலரும் ஒன்றுக்கு ஒன்று என்ற சம மதிப்பில் இன்றும் மாறிக்கொள்கின்றன. இவை இரண்டுக்கும் நடுவே ஒருவழிப் பாதைகளும் இருக்கின்றன. பூட்டானின் நாணயம் இந்திய ரூபாய்க்குச் சமமாக வைக்கப்பட்டுள்ளது. இந்திய ரூபாய் பூட்டானில் புழங்குகிறது. ஆனால் பூட்டானின் தாளை இந்திய நகரம் ஒன்றில் நீட்டினால், எல்லையோரத்தைத் தவிர வேறெங்கும் வாங்க ஆள் இருக்காது. நேபாள ரூபாயும் 1993 முதல் ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 என்ற நிலையான விகிதத்திலேயே இருந்துவருகிறது. ஆகையால் நம் நாணயம் அங்கே நேரடியாகச் செல்லுமா, செல்லுமென்றால் எந்த மதிப்புள்ள தாள்கள் வரை செல்லும், அவர்கள் மீதியாகத் தரும் பணம் திரும்பி வந்த பிறகு நமக்குப் பயன்படுமா என்பதைப் புறப்படும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்து நாட்டுக்கு அடிக்கடி போய் வருகிறவர்களின் வீட்டு அலமாரியில், முந்தைய பயணத்தில் மிஞ்சிய தாள்கள் சில கட்டாயம் கிடக்கும். அவற்றை நம்பிப் புறப்படுவதில் ஓர் ஆபத்து உண்டு. 2016 நவம்பர் 8 இரவு இந்தியா 500 ரூபாய், 1000 ரூபாய்த் தாள்களைச் செல்லாது என்று அறிவித்தபோது, நேபாளத்தில் அவற்றைச் சேமித்து வைத்திருந்த எளிய மக்கள் பலர் மாற்ற வழியின்றித் தவித்தார்கள். பிரிட்டனில் 20 பவுண்டு, 50 பவுண்டுக் காகிதத் தாள்கள் 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு கடைகளில் செல்லாமல் போயின. அமெரிக்க டாலரின் கதை வேறு மாதிரியானது. 1861 முதல் வெளியான தன் தாள்கள் அனைத்தும் செல்லும் என்பது அமெரிக்க அரசின் நிலை. ஆயினும் வேறொரு நாட்டில் உள்ள நாணய மாற்றுக்காரர் பழைய வடிவமைப்புத் தாளையும், ஓரம் கிழிந்ததையும், பேனாக் கோடு விழுந்ததையும் வாங்க மறுப்பது அன்றாட நிகழ்ச்சி. வாங்கினாலும் குறைந்த விலைக்கே வாங்குவார். சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்று அவரிடம் வாதாடிப் பயனில்லை. டாலரோ யூரோவோ எடுத்துப் போவதாக இருந்தால், மடிப்புக் குலையாத புதிய தாள்களாகக் கேட்டு வாங்குங்கள்.

இனி நாணய மாற்றுக்கு வருவோம். மாற்று நிலையத்தின் பலகையில் ஒவ்வொரு நாணயத்துக்கும் எதிரே இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று அவர்கள் நம்மிடம் வாங்கும் விலை, மற்றது நமக்கு விற்கும் விலை. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் அவர்களுடைய வருமானம். ‘கமிஷன் இல்லை’ என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கும் இடத்தில் இந்த இடைவெளி அகலமாக இருந்தால், அந்த வாசகத்துக்குப் பொருளில்லை. எடுத்துக்காட்டாக, அயல் நாணயம் ஒன்றை 105-க்கு விற்று 95-க்கு வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1,050 கொடுத்துப் பத்து வாங்கி, செலவே செய்யாமல் அதே இடத்தில் திருப்பிக் கொடுத்தால் கைக்கு வருவது 950. நூறு போயிற்று, யாரும் நம்மை ஏமாற்றவில்லை, பலகையில் எல்லாம் எழுதித்தான் இருந்தது. விமான நிலையத்திலும் எல்லைச் சாவடியின் வாசலிலும் இந்த இடைவெளி பெரும்பாலும் அகலமாக இருக்கும். அங்கே வந்து நிற்பவருக்கு வேறு வழியில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். முதல் நாள் போக்குவரத்துக்கும் உணவுக்கும் வேண்டிய அளவு மட்டும் அங்கே மாற்றிக்கொண்டு, மற்றதை ஊருக்குள் நான்கு பலகைகளை ஒப்பிட்டுப் பார்த்து மாற்றுவது நல்லது. எல்லையில் அருகே வந்து கிசுகிசுக்கும் தரகரைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. கள்ளத் தாள் கையில் வந்துவிட்டால் அதைக் கொடுத்தவரைத் தேட முடியாது. அதை வைத்திருக்கும் குற்றம் மட்டும் நம்மிடம் தங்கிவிடும்.

இந்த உரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அடுத்து நான் சொல்லப்போவதை வைத்துக்கொள்ளுங்கள். அயல்நாட்டுக் கடையில் அட்டையைச் செருகியதும், சில இயந்திரங்கள் ஒரு கேள்வி கேட்கும்: தொகையை இந்த நாட்டு நாணயத்தில் எடுக்கட்டுமா, உங்கள் நாட்டு நாணயத்தில் எடுக்கட்டுமா? நம் நாணயத்தில் தொகை இவ்வளவு என்று திரையில் தெரிந்தவுடன், கணக்குப் போடும் வேலை மிச்சம் என்று நாமும் அதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். அப்படித் தேர்ந்தால், நாணய மாற்று விகிதத்தை முடிவு செய்யும் உரிமையைக் கடைக்காரர் தரப்பில் இயங்கும் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம் என்று பொருள். அவர்கள் தங்கள் இலாபத்தைச் சேர்த்தே விகிதத்தை வைப்பார்கள். உள்ளூர் நாணயத்தைத் தேர்ந்தால், விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டை வலையமைப்பின் விகிதத்தில் கணக்கிடப்பட்டு, நம் வங்கியின் அயல் நாணயக் கட்டணம் மட்டும் அதோடு சேரும். ஏறக்குறைய எப்போதும் இதுவே மலிவு. அந்த வலையமைப்புகள் தங்கள் அன்றாட விகிதத்தை இணையத்தில் வெளியிடுவதால், யாரும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏ.டி.எம். இயந்திரத்தில் இதே கேள்வி இன்னும் தந்திரமாக வரும். ‘மாற்று விகிதத்தை ஏற்கிறேன்’, ‘மறுக்கிறேன்’ என்று இரண்டு பொத்தான்கள் தெரியும். மறுத்தால் பணமே வராதோ என்று அஞ்சி ஏற்றுவிடுகிறவர்கள் ஏராளம். மறுப்பது விகிதத்தை மட்டுமே. நம் வங்கி அனுமதித்தால், உள்ளூர் நாணயக் கணக்கிலேயே பணம் வெளியே வரும். இந்த மறைவான செலவு பயணிகளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே, ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை விழுக்காடு கூடுதல் என்பதைத் திரையில் காட்டியாக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஏப்ரல் முதல் விதித்திருக்கிறது. அந்த விதி அங்கே மட்டும்தான். மற்ற இடங்களில் நாம்தான் விழிப்பாக இருக்க வேண்டும். கடைக்காரரே நம்மைக் கேட்காமல் பொத்தானை அழுத்திவிடுவதும் உண்டு. ரசீதில் நம் நாட்டு நாணயம் அச்சாகியிருந்தால், அங்கேயே அதை ரத்து செய்து மறுபடி எடுக்கச் சொல்லலாம். சொல்லக் கூச்சமாக இருக்கும், எனக்கும் இருந்ததுண்டு.

ஏ.டி.எம். கட்டணத்தில் இரண்டு தரப்பு உண்டு. நம் வங்கி ஒன்று எடுக்கும், இயந்திரத்தை வைத்திருக்கும் வங்கி ஒன்று எடுக்கலாம். இவற்றில் ஒரு பகுதி, எடுக்கும் தொகை சிறிதோ பெரிதோ, ஒரு முறைக்கு இவ்வளவு என்று நிலையாக இருப்பது வழக்கம். எனவே நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதைவிட, மூன்று நாளுக்கு வேண்டியதை ஒரே முறையில் எடுப்பது சிக்கனம். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுப்பதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லாத நாட்கள் ரொக்கத்துக்குப் பொதுவாகக் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். ரொக்கத்துக்கு டெபிட் கார்டு, விடுதிக்கும் வாடகைக் காருக்கும் கிரெடிட் கார்டு என்று பிரித்துக்கொள்வது என் வழக்கம். விடுதியில் சேரும்போது முன்பிணையாக ஒரு தொகையை அட்டையில் நிறுத்தி வைப்பார்கள். அது டெபிட் கார்டாக இருந்தால் நம் கணக்கில் இருக்கும் உண்மையான பணமே முடங்கும். அறையைக் காலி செய்த பிறகும் அது விடுபடச் சில நாட்கள் ஆகலாம்.

அட்டை வேலை செய்யாமல் போவதற்குப் பெரும்பாலும் அட்டை காரணமாக இருப்பதில்லை. இந்தியாவில் 2020 முதல் புதிதாகத் தரப்படும் அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டில் பயன்படுத்த வேண்டுமானால், வங்கியின் செயலியிலோ கிளையிலோ நாமே அதைத் திறந்துவிட வேண்டும். வேறு பல நாடுகளின் வங்கிகளிலும் இப்படிப்பட்ட பூட்டு உண்டு. இரண்டாவது, ஒருமுறைக் கடவுச்சொல். இணையத்தில் பயணச்சீட்டு வாங்கும்போது அது நம் சொந்த நாட்டுத் தொலைபேசி எண்ணுக்குத்தான் வரும். அயல்நாட்டில் அந்த எண் குறுஞ்செய்தியைப் பெறாவிட்டால், கணக்கில் பணம் இருந்தும் பயனில்லை.

அந்நியச் செலாவணியிலேயே வேலை பார்த்த நானும் ஒருமுறை இப்படி அகப்பட்டேன். எல்லை தாண்டிய முதல் மாலையில், கையில் இருந்த ஒரே அட்டையை என் வங்கி ஐயத்தின் பேரில் நிறுத்திவிட்டது. அட்டையின் பின்புறம் இருந்த கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைத்தேன். அந்த எண் வெளிநாட்டிலிருந்து இயங்காது என்பது அப்போதுதான் தெரிந்தது. சட்டைப் பையில் இருந்த சில தாள்கள் அன்றிரவைக் காப்பாற்றின. அது முதல் வெவ்வேறு வங்கிகளின் இரண்டு அட்டைகளை இரண்டு இடங்களில் வைத்துக்கொள்கிறேன். வெளிநாட்டிலிருந்து அழைப்பதற்கான எண்ணைத் தாளில் எழுதிக் கடவுச்சீட்டோடு வைக்கிறேன். தொலைபேசியிலேயே எழுதி வைத்தால், அதுவும் அட்டையோடு சேர்ந்து திருட்டுப் போகும் நாளில் என்ன செய்வது?

அளவுக்கு மேல் ரொக்கம் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு சொல். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரும்போதும் வெளியேறும்போதும் 10,000 யூரோவும் அதற்கு மேலும், அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல், இந்தியாவுக்குள் வரும்போது அயல் நாணயத் தாளாக 5,000 டாலருக்கு மேல் மதிப்பிருந்தால், சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிப்பதற்கு வரி கிடையாது, பணத்துக்குத் தடையும் கிடையாது. அறிவிக்காமல் போவதே குற்றம். பல குடும்பங்கள் பணத்தை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு போகும். அமெரிக்காவைப் போல, சேர்ந்து வரும் குடும்பத்தின் பணத்தை ஒன்றாகவே கணக்கிடும் நாடுகளில் அது பலிக்காது. தன் நாணயத்தை வெளியே எடுத்துச் செல்லவே விடாத நாடுகளும் இருக்கின்றன. துனீசியா அவற்றில் ஒன்று. அப்படிப்பட்ட இடத்தில், மிஞ்சியதைப் புறப்படும் முன் திருப்பி மாற்ற, முதலில் மாற்றியபோது தந்த ரசீதைக் கேட்கலாம் என்பதால் அதைப் பத்திரப்படுத்துங்கள். நாணயக் காசுகளைப் பெரும்பாலான இடங்களில் மாற்ற முடியாது. கடைசி நாளில் காசாகக் கொடுத்தே தேநீர் குடித்துத் தீர்த்துவிடுங்கள்.

திரும்பி வந்த பிறகும் கணக்கு முடிவதில்லை. அட்டையில் செய்த செலவு சில நாட்கள் கழித்தே கணக்கில் பதியும். அதற்குள் விகிதம் மாறியிருந்தால் தொகையும் சற்று மாறியிருக்கும். பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பெற்ற பணமும் திருப்பிய நாளின் விகிதத்தில்தான் வரும், வாங்கிய நாளின் விகிதத்தில் அல்ல. சில வேறுபாடுகள் இப்படி நியாயமானவை. ஒரே செலவு இரண்டு முறை பதிவாகியிருப்பதோ, நாம் ஒருபோதும் போகாத கடையின் பெயர் இருப்பதோ நியாயமானவை அல்ல. அடுத்த மாதக் கணக்கு அறிக்கை வந்து, ஒவ்வொரு வரியையும் சரிபார்த்து முடிக்கும் வரை அந்த ரசீதுகளைக் கிழித்துப் போட வேண்டாம்.

வணக்கம்.