குடோனுக்கு 20 நிமிஷம்தான்... ஆனா 10 மணி நேரம் கழிச்சுதான் போகணும்! லாரி டிரைவரைப் போட்டுக்கொடுக்கும் குட்டிப் பெட்டி

[திரையில்: இரவு, அமெரிக்க ஹைவே, ஓரமா வரிசைகட்டி நிற்கும் லாரிகள்]

லோடு இறக்க வேண்டிய குடோன் இன்னும் 15 மைல். 20 நிமிஷம் ஓட்டினா போதும். ரோடு காலி. டேங்க்ல டீசல் இருக்கு. டிரைவருக்குத் தூக்கமும் வரல. ஆனா அவர் வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைச்சு, சீட்டுக்குப் பின்னாடி இருக்கற படுக்கையில போய்ப் படுத்துட்டாரு. இனி 10 மணி நேரத்துக்கு அந்த லோடு குடோன் பக்கம் போகாது. மீறிப் போனா, டேஷ்போர்டுல இருக்கற ஒரு குட்டிப் பெட்டி அவரைப் போட்டுக்கொடுத்துடும்.

அமெரிக்காவுல லாரி டிரைவர் எவ்வளவு நேரம் ஓட்டலாம்னு சட்டமே இருக்கு, இவருக்கு அந்த நேரம் முடிஞ்சுபோச்சு. இவ்வளவு கண்டிப்பு எதுக்குன்னு கேட்டா, தூக்கக் கலக்கத்துல ஓட்டறவங்களால விபத்து வருதுங்கறதுதான். நியாயமான காரணம், அதுல எனக்கு மறுப்பே இல்ல. வரலாற்றை ஒரே மூச்சுல முடிச்சிடறேன்: 1930கள்லயே நேரக் கட்டுப்பாடு வந்துடுச்சு, இப்ப இருக்கற கணக்கோட அடிப்படை 2003ல போட்டது, 2004 ஜனவரியில அமலுக்கு வந்துச்சு, 2020ல அங்கங்க ஒட்டுப் போட்டாங்க. மூச்சு விட்டுக்கறேன்.

இப்ப ரெண்டு நம்பரை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. 11, 14.

தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்த டிரைவர், அடுத்து 11 மணி நேரம் வண்டி ஓட்டலாம். இது ஸ்டாப்வாட்ச் மாதிரி. வண்டி ஓட்டினா ஓடும், வண்டியை நிறுத்தி வச்சா நின்னுடும். பிரச்சனையே இல்ல.

14 இருக்கு பாருங்க, அது வேற ஜாதி. வேலையைத் தொடங்கின நிமிஷத்துல இருந்து 14 மணி நேரத்துக்குள்ளதான் அந்த 11 மணி நேரத்தையும் ஓட்டி முடிக்கணும். சாப்பிட நிறுத்தினாலும் ஓடும், டீசல் போட்டாலும் ஓடும், டிராஃபிக்ல மாட்டினாலும் ஓடும். ராகு காலம் நமக்காக நிக்குமா? அந்த மாதிரிதான் இதுவும்.

(மத்த விதியெல்லாம் பொடிப்பொடியா நிறைய இருக்கு. 8 மணி நேரம் ஓட்டினா அரை மணி நேரம் ஓட்டாம இருக்கணும், 8 நாள்ல 70 மணி நேரத்துக்கு மேல வேலை ஆயிட்டா ஓட்டக் கூடாது, தொடர்ந்து 34 மணி நேரம் ஓய்வெடுத்தா அந்தக் கணக்கு திரும்ப முதல்ல இருந்து. வேணும்னா கமெண்ட்ல கேளுங்க, தனி வீடியோவே போடறேன்.)

வாங்க, ஒரு நாளைக் கூடவே உக்காந்து பார்ப்போம்.

காலையில 6 மணி. டிரைவர் டயரைப் பார்க்கறாரு, லைட்டைப் பார்க்கறாரு, ஏர் பிரேக்கைப் பார்க்கறாரு. அரை மணி நேரம். 14 தொடங்கிடுச்சு, அதாவது ராத்திரி 8 மணிக்கு அவர் ஓட்டற நேரம் முடிஞ்சுது. 6:30க்குக் கிளம்பி 8 மணிக்கு ஒரு குடோன் போறாரு. லோடு ஏத்தணும். "கொஞ்சம் வெயிட் பண்ணுங்க"ன்னு சொல்றாங்க. அந்தக் 'கொஞ்சம்' இருக்கே, உலகம் பூரா அதுக்கு ஒரே அளவுதான். மதியம் 1 மணிக்குத்தான் லோடு ஏத்தி முடிக்கறாங்க.

[திரையில்: ரெண்டு கடிகாரம் பக்கம் பக்கமா]

இப்ப கணக்கைப் பாருங்க. ஓட்டினது ஒன்றரை மணி நேரம். 11ல ஒன்பதரை பாக்கி. ஆனா ராத்திரி 8 மணிக்கு அந்த 14 கதவைச் சாத்திடுதே, அதுக்குள்ள இருக்கறது 7 மணி நேரம்தான். ரெண்டரை மணி நேரம் அப்படியே ஆவி! மணிக்கு 60 மைல்னு வச்சா 150 மைல். அங்க நிறைய டிரைவர்களுக்குச் சம்பளம் மாசக் கணக்கு இல்ல, மைல் கணக்கு. தாமதம் குடோன்காரன் செஞ்சது, பணம் போனது டிரைவருக்கு. டிரைவருக்குத்தான் நேரக் கணக்கு எழுதற லாக்புக், குடோனுக்கு எந்த லாக்புக்கும் கிடையாது. எனக்கு வயிறு எரியற இடம் இதுதான்.

தப்பிக்க ஒரு சின்னக் கதவு இருக்கு, அதையும் சொல்லிடணும். 10 மணி நேர ஓய்வை ரெண்டாப் பிரிச்சுக்கலாம். கேபின் படுக்கையில குறைஞ்சது 7 மணி நேரம், இன்னொரு துண்டு குறைஞ்சது 2 மணி நேரம், ரெண்டும் சேர்ந்து 10க்குக் குறையாம. அப்படிப் பிரிச்சா அந்த நேரம் 14ல சேராது. அந்த அஞ்சு மணி நேரக் காத்திருப்பை ஓய்வுன்னு போட்டு, ராத்திரி படுக்கையில 7 மணி நேரம் இருந்தா கணக்கு தப்பிச்சிடும். ஆனா அது நிஜமாவே வேலையில்லாத நேரமா இருக்கணும். கண்ணை மூடினதும் "வண்டியைக் கொஞ்சம் முன்னாடி எடுங்க"ன்னு கதவைத் தட்டினா? ஓய்வு அறுந்துபோச்சு.

சரி, இப்ப எனக்குப் பிடிச்ச பகுதி. லாக்புக்!

[திரையில்: கட்டம் போட்ட தாள்]

பேப்பர் காலத்துல ஒரு நாளைக்கு ஒரு தாள். குறுக்கே 24 மணி நேரம், ஒவ்வொரு மணியும் நாலா பிரிச்சு 15 நிமிஷக் கோடு. மேல இருந்து கீழ நாலு வரிசை: ஓய்வு, படுக்கை, ஓட்டம், ஓட்டாத வேலை. டிரைவர் ஸ்கேல் வச்சுக் கோடு இழுப்பாரு. ஓட்டத்துல இருந்து ஓய்வுக்குப் போனா கோடு மேல ஏறும், திரும்ப வந்தா இறங்கும். நாள் முடிவுல பார்த்தா படிக்கட்டுக் கோலம் போட்ட மாதிரி இருக்கும்.

கோலம்னு சொன்னேன்ல, கைவண்ணமும் இருந்துச்சு. அஞ்சு மணி நேரம் குடோன்ல நின்னதைப் 'படுக்கை'ன்னு போட்டுக்கறது, ஓட்டின நேரத்தைச் சுருக்கறது, சிலர் ரெண்டு புக்கே வச்சுக்கறது. போலீஸ்காரருக்குக் காட்ட ஒண்ணு, நிஜக் கணக்குக்கு இன்னொண்ணு. டிரைவர்களே லாக்புக்குக்கு வச்ச பட்டப்பேர் என்ன தெரியுமா? 'காமிக் புக்'. சிரிப்புப் புத்தகம்!

மாட்டினது எப்படின்னா ரசீதால. ராத்திரி 2 மணிக்கு ஒஹையோவுல தூங்கிட்டிருக்கேன்னு கோடு சொல்லும், அதே 2 மணிக்குப் பென்சில்வேனியா டோல் ரசீது பல்லை இளிக்கும்.

2017 டிசம்பர் 18ல காமிக்ஸ் முடிஞ்சுது. அன்னையில இருந்து இஎல்டி, அதாவது எலக்ட்ரானிக் லாக் கருவி கட்டாயம். முதல்ல சொன்ன குட்டிப் பெட்டி இதுதான். பழைய வகைக் கருவி வச்சிருந்தவங்களுக்கு 2019 டிசம்பர் வரைக்கும் தவணை. நேரா இன்ஜினோடயே இணைச்சிடுவாங்க. வண்டி மணிக்கு 5 மைல் வேகத்தைத் தொட்டா, தானாவே 'ஓட்டம்'னு பதிஞ்சிடும். வண்டி நின்னு அஞ்சு நிமிஷம் ஆனா, "இன்னும் ஓட்டறீங்களா?"ன்னு கேக்கும். ஒரு நிமிஷம் பதில் இல்லன்னா 'ஓட்டாத வேலை'ன்னு தானே மாத்திக்கும். தானா பதிஞ்ச ஓட்ட நேரத்தை டிரைவரால குறைக்கவே முடியாது.

அதனால என்ன ஆச்சு? நேரம் முடிஞ்சவங்க, டிரக் ஸ்டாப்புக்குள்ள, அதாவது லாரிங்க நின்னு ஓய்வெடுக்கற இடத்துக்குள்ள, இடம் மாத்தணும்னா அந்த 5 மைலைத் தொடாம 18 சக்கர வண்டியைக் கோயில் தேர் மாதிரி நகர்த்தறாங்க. வடம் பிடிக்க ஆள் இல்லாததுதான் குறை. இன்னொரு கூத்து, 2000க்கு முந்தின மாடல் இன்ஜின் இருக்கற வண்டிக்கு இந்தக் கருவியில இருந்து விலக்கு. காயலான் கடைக்குப் போக வேண்டிய வண்டிக்குத் திடீர் மவுசு!

விபத்து குறைஞ்சுதான்னு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தாங்க. நேர விதியை மீறறது நல்லாவே குறைஞ்சிருக்கு. ஆனா விபத்து குறைஞ்சதாத் தெரியல. சின்னக் கம்பெனி வண்டிகள்ல அதிவேகத்துக்கு மாட்டறது கூடியிருக்கு. எனக்கு இதுல ஆச்சரியமே இல்ல. கடிகாரத்தை ஏமாத்த முடியலன்னா, மனுஷன் ஆக்சிலேட்டரைத்தான் மிதிப்பான்.

பார்க்கிங்கை விட்டுட்டேன். அமெரிக்க அரசே எடுத்த சர்வேயில, நூத்துக்கு 98 டிரைவர்கள் பாதுகாப்பா நிறுத்த இடம் கிடைக்காம திண்டாடறதாச் சொன்னாங்க. 2009ல ஒரு டிரைவர், இடம் இல்லாம சவுத் கரோலினாவுல மூடிக்கிடந்த ஒரு பங்க்ல நிறுத்தித் தூங்கினாரு. கொள்ளைக்காரங்க சுட்டுக் கொன்னுட்டாங்க. அவர் பேர்லயே 2012ல பார்க்கிங்குக்காகச் சட்டம் வந்துச்சு. இன்னமும் சாயந்திரம் ஆனா டிரக் ஸ்டாப் நிரம்பிடுது. அதனால இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டலாம்னு இருந்தாலும், காலி இடத்தைப் பார்த்ததும் பலர் நிறுத்திடறாங்க.

முதல்ல பார்த்தோமே, 15 மைல் தள்ளிப் படுத்த நம்ம டிரைவர், அவருக்கு விடிஞ்சுடுச்சு. 10 மணி நேரம் முடிஞ்சுது. டயர், லைட், பிரேக் எல்லாம் பார்த்துட்டு 20 நிமிஷத்துல குடோன் கேட்டுக்கு வந்துட்டாரு. ஜன்னல்ல இருக்கற அம்மா கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்க்கறாங்க.

"உங்க அப்பாயின்ட்மென்ட் நேத்து ராத்திரியோட முடிஞ்சுது. அந்தப் பக்கமா ஓரமா நிறுத்துங்க, கூப்பிடறோம்."

14 மணி நேரக் கடிகாரம் ஓட ஆரம்பிச்சு 50 நிமிஷம் ஆச்சு.