எக்ஸ்காலிட்ரா: பேச்சிப்பாறைத் தண்ணீரைப் படமாக வரைவோம்

[திரையில்: வெறும் வெள்ளைப் பலகை]

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் நம்ம வயலுக்கு எந்த வழியாக வருகிறது என்று இன்றைக்கு ஒரு படம் போடப் போகிறோம். கருவியின் பெயர் எக்ஸ்காலிட்ரா. உலாவியில் எக்ஸ்காலிட்ரா டாட் காம் (excalidraw.com) என்று தட்டினால் நேராக இந்தப் பலகைதான் வரும். கணக்குத் தொடங்க வேண்டாம், காசும் வேண்டாம். 2020 ஜனவரியில் கிறிஸ்டோபர் ஷெடோ என்ற பொறியாளர் ஆரம்பித்த திறமூல மென்பொருள் இது. எம்ஐடி உரிமம் என்பதால் யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

[திரையில்: மூன்று பெட்டிகள், அம்புக்குறிகள்]

விசைப்பலகையில் 2 என்றால் செவ்வகம், 5 என்றால் அம்புக்குறி. பேச்சிப்பாறைக்கு ஒரு பெட்டி, பெருஞ்சாணி அணைக்கு ஒன்று, கீழே புத்தன் அணைக்கு ஒன்று. பெட்டிமேல் இரண்டு தடவை கிளிக் செய்து பெயர் எழுதுங்கள். பேச்சிப்பாறையிலிருந்து கோதையாறு இடதுகரைக் கால்வாய், பெருஞ்சாணியிலிருந்து பரளியாறு, இரண்டையும் புத்தன் அணைக்கு இழுத்து விடுங்கள். அங்கிருந்து பாண்டியன் கால்வாய், பத்மநாபபுரம் புத்தனாறு கால்வாய். அப்புறம் தோவாளை சானல், அனந்தனாறு சானல். அம்பின் நுனி பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். பெட்டியை நகர்த்தினால் சானலும் கூடவே வரும்.

[திரையில்: ஒரு கோட்டைப் பெரிதாக்கிக் காட்டுதல்]

கோடு நெளிகிறது, பார்த்தீர்களா? ரஃப் ஜேஎஸ் என்ற நிரல் தொகுப்பின் வேலை. ஒரே கோட்டை இரண்டு தடவை, கொஞ்சம் கொஞ்சம் விலக்கிப் போடுகிறது. விலகல் தற்செயலானது என்றாலும், ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு விதை எண், அதாவது அந்த விலகலைக் கணக்கிடத் தொடங்கும் எண், சேமிக்கப்படுகிறது. அதனால்தான் நாளைக்குத் திறந்தாலும் அதே நெளிவு இருக்கும். நெளிவுக்கு மூன்று அளவு உண்டு. மூன்றாவதை வைத்தால் சானல் குடித்துவிட்டு நடக்கும். நடு அளவே போதும்.

இது வெறும் அழகுக்கு இல்லை. அளவெடுத்து அச்சடித்த மாதிரி படத்தைக் கூட்டத்தில் காட்டினால், எல்லாம் முடிவாகிவிட்டது என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். கிறுக்கலாக இருந்தால், "எங்க பக்கம் சானல் இப்படியா போகுது?" என்று கடைமடைக்காரர் கேட்பார். அந்தக் கேள்விதான் நமக்கு வேண்டும்.

[திரையில்: மாத்தூர்]

சிக்கலான இடம் மாத்தூர் தொட்டிப் பாலம். 1966-ல் கட்டியது. பட்டணங்கால் என்ற கால்வாயின் தண்ணீர் பரளியாற்றுக்கு மேலே தொட்டியில் போகிறது. இரண்டு அம்புகளைக் குறுக்கே போட்டால் தண்ணீர் கலக்கிற மாதிரித் தெரியும். ஆற்றின் மேல் ஒரு நீளப் பெட்டி வைத்து முன்னால் கொண்டுவாருங்கள். நிரப்பு திடமாக இருக்கட்டும். சாய்கோட்டு நிரப்பு என்றால் இடுக்கு வழியே ஆறு எட்டிப் பார்க்கும்.

ஒரு குறை: தமிழில் தட்டச்சு செய்தால் கையெழுத்து மாதிரி வராது, கணினியின் சாதாரண எழுத்துருவே வரும். தலைப்பை மட்டும் 7 அழுத்திப் பேனாவால் எழுதிவிடுங்கள்.

[திரையில்: பகிர்வு இணைப்பு]

சேர்ந்து வரைய இணைப்பு அனுப்பலாம். படம் மறையாக்கப்பட்டே, அதாவது திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியே, சேவையகத்துக்குப் போகிறது. திறவுகோல் இணைப்பில் ஹேஷ் (#) குறிக்குப் பின்னால் இருக்கிறது. அந்தப் பகுதியை உலாவி சேவையகத்துக்கு அனுப்பாது. ஆனால் இணைப்பு யார் கையில் இருக்கிறதோ அவர் படத்தைப் பார்க்கலாம். கண்ட குழுவிலும் போடாதீர்கள்.

தனியாக வரையும் படம் உங்கள் உலாவிக்குள்தான் இருக்கிறது. உலாவித் தரவை அழித்தால் படமும் போச்சு. ஆகவே கோப்பாகச் சேமியுங்கள். பிஎன்ஜி (PNG) படக் கோப்பாக எடுக்கும்போது காட்சியை உள்ளே பொதியும் தேர்வை இயக்கினால், அந்தப் படத்தையே மறுபடி பலகையில் போட்டுத் திருத்தலாம். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் பொதிந்தது போய்விடும், டாக்குமென்டாக அனுப்புங்கள்.